ஆவணம் காத்தலும் ஆவணம் கேட்டலும்: பாப்பாரப்பட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

1. தோற்றுவாய்

தருமபுரி மாவட்டத்துப் பேரூர்களுள் ஒன்றாகிய பாப்பாரப்பட்டி, தமிழக வரலாற்றில் நிலைபேறு எய்தியது ஒரு பெருமகனாரால் ஆகும். அவரே சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் 1884-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்த அவர், தம் வாழ்வின் இறுதிக் கூற்றை இவ்வூரிற் கழித்து, 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள் இங்கேயே மறைந்தார். இங்கு நிலம் பெற்று, அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டு, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எடுக்க முனைந்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்குக் கால்கோள் செய்தார். அவர் அடக்கமான இடத்தில் இன்று மணிமண்டபம் எழுந்துள்ளது.

சிவா நாவன்மையும் எழுத்து வன்மையும் ஒருங்கே வாய்ந்தவர். 'ஞானபானு' என்னும் இதழை 1913 முதல் நடத்தினார். நூல்கள் பல யாத்தார். ஆயினும், அவர் வாழ்வின் திருப்புமுனையாகிய 1908-ஆம் ஆண்டை அறியப் புகுவார்க்கு அவர்தம் நூல்கள் பெரிதும் துணை செய்யா. தூத்துக்குடியில் அவர் பேசிய பேச்சுகள், அவற்றைக் கேட்கத் திரண்ட மக்கள், வழக்கு, தீர்ப்பு, சிறை ஆகிய இவையனைத்திற்கும் முதன்மைச் சான்றாக இருப்பவை அவரைச் சிறையிட்ட அரசாங்கம் எழுதிவைத்த தாள்களே ஆகும். அவரை ஒடுக்குதற்கு எழுதப்பட்டவை, இன்று அவர் தொண்டினை நிறுவும் சான்றுகளாய் நிற்கின்றன.

இந்நிலை ஒரு வினாவை எழுப்புகின்றது. அரசாங்கத்தின் தாள்கள் எவர்க்கு உரியன? எழுதிய அலுவலகத்திற்கா? எவரைப் பற்றி எழுதப்பட்டனவோ அம்மக்களுக்கா? மக்களுக்கே எனின், அவர்கள் அவற்றைப் பெறும் நெறி யாது? இவ்வினாக்களுக்கு விடை காணுமுகத்தான், தமிழகத்தில் ஆவணம் பேணிய மரபும், ஆவணம் கேட்கும் உரிமை படிப்படியாக வளர்ந்த வரலாறும் ஈண்டு ஆராயப்படுகின்றன. கேட்கும் உரிமை எத்துணைச் சிறந்ததாயினும், காக்கும் கடமை தளருமிடத்து அவ்வுரிமை வெறும் சொல்லாய் முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. பண்டை மரபு

'ஆவணம்' என்னும் சொல் பழந்தமிழில் இருபொருள் தரும். கடைத்தெரு என்பது ஒன்று. உரிமையை நிறுவும் எழுத்து என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு வேரினவா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. கல்வெட்டுகளில், நில விலை முதலியவற்றின் எழுத்துகள் ஏற்றப்படும் இடம் 'ஆவணக்களரி' எனப்படுகின்றது. எழுத்து தனியொருவன் பேழையில் மறைந்து கிடப்பதன்று, ஊரறிய ஓரிடத்தில் ஏற்கப்படுவது என்னும் கருத்து இச்சொல்லாட்சியாற் புலனாகும்.

சோழர் ஆட்சியில் அரசாணை உருப்பெற்ற முறையும் இங்குக் கருதத்தக்கது. மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுதினான்; திருமந்திர ஓலை நாயகம் அதனை ஒப்பிட்டு ஏற்றான்; புரவுவரித் திணைக்களத்தார் அதனை வரிப்பொத்தகத்தில் ஏற்றினர். இப்படிநிலைகள் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்ட அலுவலர்தம் பெயர்கள் சாசனங்களில் நிரல்பட வருகின்றன. ஓலை அலுவலகத்திற்கு உரியது. ஆனால் அதன் படி கோயிற் சுவரில் வெட்டப்பட்டபொழுது, அது ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று. கற்றார் எவரும் அதனைப் படிக்கலாம். படிப்பதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரித்துரைப்பன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோர் தகுதியிழப்பர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப்பணி புரிந்தோர் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்ற விதியே பொதுச்சுவரில் பொறிக்கப்பட்டது என்பது நோக்கற்பாலது.

எனினும் அம்மரபை வேண்டும் அளவிற்கு மேல் உயர்த்திக் கூறுதல் வரலாற்று நெறியன்று. கல்லில் ஏறியது அரசும் சபையும் ஏற்ற விரும்பியது மட்டுமே. கொடையும் இறையிலியும் கல்லேறின. குடிகளின் முறையீடுகள் அத்துணை ஏறவில்லை. எழுத்தறிவும் எல்லார்க்கும் வாய்த்ததன்று. ஆதலின் அதனைக் 'கேட்கும் உரிமை' என்று கொள்ளாது, 'காட்டும் வழக்கம்' என்று கொள்வதே பொருந்தும்.

காத்தற் கடமைக்கோ அம்மரபில் மிகச் சிறந்த சான்று உண்டு. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்கக் கருதிய முதலாம் இராசராசன், அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதற்கண் பொத்தகத்தில் படியெடுத்து வைக்குமாறு ஆணையிட்டான். கோயில் புதுக்கப்பட்டபின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. பழையதைப் பிரிக்குமுன் படியெடுத்தல் என்னும் இந்நெறி, இன்றைய அலுவலகங்களுக்கும் வழிகாட்டுவதாகும்.

இலக்கியச் சான்று ஒன்றும் காண்போம். பெரிய புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதியவர் ஒருவர் சுந்தரர்மீது வழக்குரைக்கின்றார். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உளது என்றும் அவர் கூறுகின்றார். சபையார் மூல ஓலையைப் படித்த அளவில் அமையவில்லை. அதிலுள்ள கையெழுத்துச் சுந்தரர்தம் பாட்டனாருடையதுதானா என்று துணிதற்கு, காப்பில் இருந்த அவருடைய வேறோர் எழுத்தை வரவழைத்து ஒப்புநோக்குகின்றனர். மூலம், படி, காப்பு, ஒப்புநோக்கல் ஆகிய நான்கும் அங்கே அமைந்துள்ளன. பாட்டனாரின் பழைய எழுத்து காப்பில் இல்லாதிருந்தால், சபையார் துணிதற்கு வழியின்றி நின்றிருப்பர்.

3. கும்பினியார் காலமும் பாரமகாலும்

பாப்பாரப்பட்டி அமைந்த நிலப்பகுதி பாரமகால் எனப்பட்டது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கும்பினியார் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இதன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவர்க்குத் துணைவராய் 1799 வரை இப்பகுதியிற் பணியாற்றினார். நில அளவை, தீர்வை, குடிகள், விளைபொருள், வரிகள் பற்றி இவர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் பெருந்தொகுதியாயின. 'பாரமகால் ஆவணங்கள்' என்னும் பெயரில் சென்னை அரசாங்கம் அவற்றை 1907 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டது. எழுதப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே அவை பொதுமக்கள் கண்ணிற்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

1909-ஆம் ஆண்டில் எழும்பூரில் சென்னை ஆவணக் களரி தனிக் கட்டடத்தில் அமைந்தது. அதன் காப்பாளராக இருந்த என்றி டாட்வெல், பின்னர் வந்த பா. சு. பாலிகா முதலியோர் ஆவணங்களை வகைப்படுத்தியும் பட்டியலிட்டும் ஆற்றிய பணி பெரிது. 1973 முதல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்குகின்றது. தென்னிந்திய வரலாற்றை எழுதுவார் எவரும் அதன் வாயிலை மிதிக்காமல் எழுத இயலாது.

எனினும் அக்காலத்தில் ஆவணம் பார்த்தல் உரிமையன்று; அரசாங்கத்தின் அருள். சட்டங்கள் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் 'பொது ஆவணம்' இன்னதென 74-ஆம் பிரிவில் வரையறுத்தது. அதன் 76-ஆம் பிரிவு, பார்வையிடும் உரிமை உடையவர்க்கே சான்றிட்ட படி வழங்க வேண்டும் என்றது. அவ்வுரிமை எவர்க்கு உண்டு என்பதை அப்பிரிவு கூறவில்லை. வெளியிடப்படாத அரசுப் பதிவுகளிலிருந்து, துறைத் தலைவர் இசைவின்றிச் சான்று கூறலாகாது என 123-ஆம் பிரிவு தடுத்தது. அலுவலக மறைபொருட் சட்டம் 1889-இல் தோன்றி, 1923-இல் விரிவான வடிவம் பெற்றது. பாப்பாரப்பட்டியில் கோயிலுக்குக் கால்கோள் நிகழ்ந்ததும் இதே 1923-ஆம் ஆண்டில் ஆகும்.

இவ்விருள் சூழ்ந்த காலத்திலும் ஒரு சாளரம் திறந்திருந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, அசையாச் சொத்துகள் பற்றிய முதலாம் புத்தகத்தையும், பதிவு மறுப்பைக் குறிக்கும் இரண்டாம் புத்தகத்தையும், கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் எவரும் பார்வையிடலாம், படியும் பெறலாம் என்றது. நிலத்தை வாங்குவோன் ஏமாறாதிருத்தற்கு இது வேண்டப்பட்டது. நிலத்தைப் பற்றிய எழுத்து எவர்க்கும் திறந்திருக்க, மனிதனைப் பற்றிய எழுத்து பூட்டிக் கிடந்தது என்று இக்காலத்தைச் சுருங்கக் கூறலாம்.

4. சிவாவைப் பற்றிய தாள்கள்

1908-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தூத்துக்குடிக்கு வந்த சிவா, வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சேர்ந்து கடற்கரைக் கூட்டங்களிற் பேசினார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அக்காலத்தது. மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே சூலைத் திங்கள் 7-ஆம் நாள் தீர்ப்புக் கூறினார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, 1912-இல் அவர் விடுதலை பெற்றார்.

இந்நிகழ்ச்சிகளுக்குரிய தாள்கள் பல வகையின. முதலாவது, கூட்டங்களிற் கலந்திருந்த காவல் துறையினர் எழுதியளித்த பேச்சுக் குறிப்புகள். வழக்கிற்கு அடிப்படை இவையே. இரண்டாவது, மாவட்டக் கலெக்டர் சென்னை அரசாங்கத்திற்கு எழுதிய மடல்களும், அவற்றின்மேற் பிறந்த அரசாணைகளும். மூன்றாவது, தமிழ் இதழ்களில் வெளிவந்தவற்றை அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் சுருக்கித் தந்த கமுக்க அறிக்கைகள். நான்காவது, நீதிமன்ற நடவடிக்கைகளும் தீர்ப்புகளும். ஐந்தாவது, சிறைப் பதிவுகள். இவையன்றி, சார்நிலைச் செயலாளரின் இரும்புப் பெட்டகத்தில் தனியே வைத்துப் பூட்டப்பட்ட மறைபொருட் கோப்புகளும் உள. அவை இன்று ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டுகின்றன. இத்தகைய தாள்களைத் துருவி ஆராய்ந்ததன் பயனாகவே, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் நூல் உருப்பெற்றது. பெயரறியாத் தொழிலாளரும் கடைக்காரரும் வரலாற்றில் இடம்பெற்றமைக்கு அரசாங்கத் தாள்களே வழிவகுத்தன.

இலக்கிய ஆராய்ச்சியாளர் இத்தாள்களைக் கையாளுமிடத்து ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சிவா தமிழிற் பேசினார். அதைக் கேட்டவர் எழுதிய குறிப்பு ஒரு வடிவம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மற்றொரு வடிவம். நாம் அவ்வாங்கிலத்தை மீண்டும் தமிழாக்கின் அது மூன்றாவது வடிவம். இம்மூன்றாம் வடிவத்தைச் சிவாவின் உரைநடை எனக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்வது வழுவாகும். மேலும், எழுதியவர் நோக்கம் குற்றத்தை நிறுவுதல். எனவே அரசியல் முனைப்புடைய தொடர்கள் மிகுந்தும், ஏனையவை சுருங்கியும் அமைதல் இயல்பு. மூலபாட ஆராய்ச்சியில் ஏடெழுதினோன் இயல்பை அறிந்து பாடம் துணிவது போல, ஈண்டும் எழுதியவன் இயல்பை அறிந்தே பொருள் துணிதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கை, தாள்களின் மதிப்பைக் குறைப்பதற்கன்று. மூலக் குறிப்பும் மொழிபெயர்ப்பும் ஒருங்கே கிடைத்தாலன்றி இவ்வொப்புநோக்கு இயலாது என்பதை வற்புறுத்துதற்கே ஆகும். ஒரு தாள் மட்டும் கிடைத்து ஏனையவை அழிந்துபடின், எஞ்சிய தாள் கூறுவதே வரலாறு என்றாகிவிடும்.

5. சான்றில்லாத் தியாகிகள்

ஆவணம் இன்மை ஆராய்ச்சியாளனுக்கு மட்டும் இடர் செய்வதன்று. 1972-இல் நடுவண் அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வகுத்தது. 1980-இல் அது விரிவுபடுத்தப்பட்டது. குறைந்தது ஆறு திங்கள் சிறையில் இருந்தமை அத்திட்டத்தின் பொதுவான தகுதி. அதனை மெய்ப்பிக்கச் சிறை அதிகாரி அல்லது மாவட்ட ஆட்சியர் தரும் பதிவுச் சான்று வேண்டும். ஆங்கிலேய அரசாங்கம் எழுதிய சிறைப் பதிவேட்டை நாடி, அதனால் சிறையிடப்பட்டவரே முதிர்ந்த அகவையில் அலுவலகப் படியேறும் நிலை உண்டாயிற்று.

பதிவேடு கிடைத்தவர் பிழைத்தனர். பதிவேடு அழிந்தவரோ உடன் சிறையிருந்தோரின் சான்றை நாட வேண்டியதாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, சான்று கூறுதற்குரியோரும் மறைந்தனர். இவ்வழக்குகளில் உச்சநீதிமன்றம் அறநெறி பிறழாது நின்றது. குருதியால் சிங் வழக்கில் 2001-இல் வழங்கிய தீர்ப்பில், குற்றவழக்கிற்குரிய ஐயந்திரிபற்ற மெய்ப்பை இவர்களிடம் எதிர்பார்த்தல் கூடாது என்றும், நிகழ்ந்திருத்தல் கூடும் என்னும் அளவில் அமைந்த சான்றே போதும் என்றும் அது கூறியது. நீதிமன்றத்தின் இவ்வருள் பாராட்டத்தக்கது. ஆயின் இத்தகைய தளர்வு வேண்டப்பட்டதற்குக் காரணம், காக்க வேண்டியோர் காவாமையே அன்றோ? சிவாவைப் போன்று புகழ்பெற்றார்க்குத் தாள்கள் பல இடங்களில் எஞ்சின. பெயர் பரவாத் தொண்டர்க்கோ ஒரே பதிவேட்டின் ஒரே வரிதான் சான்று. அவ்வரி அழியின் அவர்தம் தியாகமும் வரலாற்றினின்றும் அழியும்.

6. கேட்கும் உரிமை பிறந்த வரலாறு

உலகில் இவ்வுரிமையை முதன்முதற் சட்டமாக்கிய நாடு சுவீடன். அந்நாட்டின் 1766-ஆம் ஆண்டு அச்சுரிமைச் சட்டமே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்வையிட வகை செய்தது. இந்திய நாட்டில் இக்கருத்து நீதிமன்றங்களின் வாயிலாக வளர்ந்தது. இராசநாராயணன் வழக்கில் 1975-இலும், எஸ். பி. குப்தா வழக்கில் 1981-இலும் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள், அரசின் பொதுச் செயல்களை அறிதல் மக்களின் உரிமை என நிலைநாட்டின. 123-ஆம் பிரிவின் பெயரால் அரசு மறைக்க விரும்பிய தாள்களையும் நீதிமன்றம் தானே பார்த்துத் துணியலாம் என்னும் நெறி அவற்றால் வலுப்பெற்றது.

சட்டமியற்றியதில் தமிழ்நாடு முந்தியது என்பது பெருமைக்குரியது. 1997-இலேயே தமிழக அரசு தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலாவது. எனினும் அதன் விலக்குகள் மிகப் பலவாகலின், பயன் அருகியே விளைந்தது. பின்னர் நாடு முழுமைக்கும் உரிய தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அதன் கூறுகளுள் ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாதவை சில. கேட்பவர் காரணம் கூற வேண்டுவதில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளில் விடை தருதல் வேண்டும். உயிர் அல்லது விடுதலை பற்றியதாயின் 48 மணி நேரத்தில் தருதல் வேண்டும். படி பெறுதலேயன்றி, கோப்பினை நேரிற் பார்வையிடலும் குறிப்பெடுத்தலும் உரிமையாகும். மறுக்கப்படின் 30 நாளில் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளில் தகவல் ஆணையத்தின்கண் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். 1923-ஆம் ஆண்டு மறைபொருட் சட்டத்தோடு முரண்படுமிடத்து, 22-ஆம் பிரிவின்படி இச்சட்டமே மேலோங்கும்.

வரலாற்று மாணவர் மறவாது கொள்ள வேண்டியது 8-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. இருபதாண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சி பற்றிய தகவலுக்கு, 8-ஆம் பிரிவின் விலக்குகளுள் மூன்று மட்டுமே பொருந்தும். நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் பற்றியது ஒன்று. நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை பற்றியது மற்றொன்று. அமைச்சரவைத் தாள்கள் பற்றியது மூன்றாவது. தனியாள் பற்றிய தகவல் என்னும் விலக்கு இவற்றுள் இல்லை. அவ்விலக்கினை விரிவாக்கும் திருத்தம் ஒன்றை 2023-ஆம் ஆண்டு எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உட்கொண்டுள்ளது. அண்மைக்கால ஆவணங்களைக் கேட்பார்க்கு இதனால் இடர் மிகும். ஆயினும் இருபதாண்டு கடந்த செய்திகளை அவ்விலக்கினைக் காட்டி மறுத்தல் இயலாது. வாழ்க்கை வரலாறு எழுதுவார்க்கு இவ்வுட்பிரிவு பெருந்துணையாகும்.

7. கேட்கும் நெறி

உரிமை இருப்பினும், எதனை, எவரிடம் கேட்பது என அறியாதார்க்குப் பயன் இல்லை. பாப்பாரப்பட்டியே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தருமபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பிறந்தது. அதற்குமுன் இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகவே 1923-ஆம் ஆண்டுக் கால்கோள் விழாவைப் பற்றிய மாவட்ட ஆட்சித் தாள்களைத் தேடுவார், சேலம் மாவட்டத் தாள்களையும் சென்னைக் காப்பகத்தையுமே முதற்கண் நாடுதல் வேண்டும். பாரதபுரத்து நிலத்தைப் பற்றி அறிய விரும்புவார்க்குப் பதிவலுவலகத்தின் முதலாம் புத்தகமும் வில்லங்கச் சான்றும், வருவாய்த் துறையின் 'அ' பதிவேடும் அடங்கலும் புலப்படமும் துணை செய்யும்.

அலுவலக முறையை அறிதலும் வேண்டும். சென்னை மாகாணத்தில் டாட்டன்காம் என்னும் அதிகாரி வகுத்த முறையே தமிழக அலுவலகங்களில் வழிவழி நின்றது. வரும் தாள் பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, எழுத்தரின் தன்பதிவேட்டில் இடம்பெற்று, நடப்பு எண் பெறும். முடிவுற்றபின் கோப்பு அதன் வாழ்நாளுக்கேற்ப வகைப்படும். ஓராண்டு காக்கப்படுவது ஓ.மு.; மூன்றாண்டு மூ.மு.; பத்தாண்டு ப.மு.; என்றும் காக்கப்படுவது நி.மு., அஃதாவது நிரந்தர முடிவு. கோப்பின் தலைப்பில் நிற்கும் இவ்வோரிரு எழுத்துகளே, அது வரலாற்றில் நிற்குமா, நெருப்பிற் புகுமா என்பதைத் துணிகின்றன. அவற்றை எழுதுபவர் வரலாற்று அறிஞரல்லர். அன்றைய அலுவற் சுமையில் உழலும் எழுத்தர். அவர்மேற் குற்றமில்லை. நூறாண்டு கழித்து எது வேண்டப்படும் என எவரே அறிவார்!

ஆதலின் விண்ணப்பம் எழுதுவார், பொருளை மட்டும் கூறாது, ஆண்டு, அலுவலகம், பிரிவு, நடப்பு எண், அரசாணை எண் ஆகியவற்றுள் தெரிந்தனவெல்லாம் குறித்தல் வேண்டும். கோப்பு அழிக்கப்பட்டது என்பாராயின், அழித்தமைக்குரிய பதிவினைக் கேட்டல் வேண்டும்.

8. 'ஆவணம் இல்லை' என்னும் விடை

கேட்பவர் பெறும் விடைகளுள் மிகக் கொடியது மறுப்பன்று. மறுப்பின்மேல் முறையீடு செய்யலாம். 'உரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்னும் ஒற்றைத் தொடரே கொடியது. ஆதித்திய பந்தோபாத்தியாயா வழக்கில் 2011-இல் உச்சநீதிமன்றம் கூறியாங்கு, இச்சட்டம் இருப்பதைத் தரச் சொல்கின்றதேயன்றி, இல்லாததை ஆக்கித் தரச் சொல்லவில்லை. எனவே அழிந்த தாளின்முன் உரிமை தோற்றுப்போகின்றது. தில்லி உயர்நீதிமன்றம் 2013-இல் ஒரு வழக்கில் இதற்கு ஓரளவு மருந்து கண்டது. இருந்திருக்க வேண்டிய கோப்பினைக் 'காணவில்லை' என்று கூறி அமைதல் கூடாது என்றும், தேடி, அதற்குப் பொறுப்பாவார் எவரெனக் காணல் வேண்டும் என்றும் அது பணித்தது.

காத்தலைக் கடமையாக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு வைத்தலைக் கடமை என்கின்றது. 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முற்பட்ட ஆவணங்களை, ஆவணக் காப்புப் பயனுக்கு உதவாதவாறு சிதைந்தாலன்றி அழித்தல் கூடாது என்கின்றது. முறைமீறி அழிப்பார்க்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கின்றது. ஆனால் அச்சட்டம் நடுவண் அரசு, ஒன்றியப் பகுதிகள், அவற்றின் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே உரியது. ஊர் வரலாற்றின் உயிர்நிலையோ வட்ட அலுவலகத்திலும், பதிவலுவலகத்திலும், காவல் நிலையத்திலும், சிறையிலும் கிடக்கும் தாள்களாகும். மறைபொருட் பெட்டகத்தில் இருந்தவை பூட்டினால் தப்பின. எவரும் மறைக்க நினையாத எளிய பதிவேடுகளே செல்லுக்கும் மழைக்கும் இரையாயின.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பண்டைத் தமிழகத்தில் காட்டும் வழக்கமும் காக்கும் முறையும் இருந்தன. கேட்கும் உரிமை இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் எழுதும் முறை பெருகிற்று. காட்டும் வழக்கம் அருகிற்று. நம் காலத்தில் கேட்கும் உரிமை சட்டமாயிற்று. காக்கும் கடமை அதற்கு நிகராக வளரவில்லை. இவ்விரண்டும் ஒரு தேரின் இரு உருளைகள். ஒன்று மட்டும் சுழலின் தேர் நின்ற இடத்திலேயே வட்டமிடும்.

இக்குறையை நீக்குதற்குப் பல்கலைக்கழகத் துறைகள் செய்யத்தக்கன உள. ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுக்கும் அதே ஆர்வத்தோடு, தத்தம் மாவட்டத்து அலுவலகங்களிற் கிடக்கும் பழம் பதிவேடுகளின் பட்டியலைத் தொகுத்தல் வேண்டும். காலம் முடிந்த கோப்புகள் அழிக்கப்படுமுன், வரலாற்றுத் துறையினரும் தமிழ்த் துறையினரும் அவற்றை ஒருமுறை பார்வையிடும் வழக்கம் ஏற்படுதல் வேண்டும். முதுகலை மாணவர்க்குக் கல்வெட்டுப் படிக்கப் பயிற்சி தருவதுபோல, அரசாணையும் கோப்பும் படிக்கவும், விண்ணப்பம் எழுதிப் பெறவும் பயிற்சி தருதல் வேண்டும். சிவாவின் பேச்சுக் குறிப்புகள், மொழிபெயர்ப்புகள், வழக்குத் தாள்கள் ஆகியவற்றை ஒருங்கு வைத்து, பாட வேறுபாடுகளோடு பதிப்பித்தல் தமிழ்த் துறையொன்று மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.

திருமழபாடியில் சுவரைப் பிரிக்குமுன் எழுத்தைப் படியெடுக்கச் சொன்னான் ஒரு மன்னன். அவ்வெழுத்துகளுட் பல அவன் காலத்தனவல்ல. அவன் புகழைக் கூறுவனவும் அல்ல. பிறர் கொடுத்த கொடைகளை, பிறர் காலத்துக் கணக்குகளை, பின்வருவார் கேட்கக்கூடும் என்னும் ஒரே கருத்தால் அவன் காத்தான். அக்கருத்து நம் அலுவலகங்களில் வேரூன்றும் நாளில்தான், பாப்பாரப்பட்டியிற் கண்மூடிய பெருமகனுக்கும், அவரோடு நின்று பெயரின்றிப் போன தொண்டர்க்கும், அவர்தம் ஊரார் எழுதும் விண்ணப்பத்திற்கு முழுமையான விடை கிடைக்கும்.